சங்கும் பாங்கும்

அகமதாபாத் வீட்டில் எங்களிடம் கடிகாரம் இருந்தது. யாரும் அதைப் பார்த்து நேரம் சொன்னதில்லை. ஷிப்ட் மாறும்போது மில் சங்கு ஊதும். இடையிடையே பள்ளிவாசல் பாங்கு கேட்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள், நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம், இரவு ஷிப்ட் முடிந்து படுத்த அப்பா எழுந்திருப்பார். ஆரணிப் பக்கத்திலிருந்து தறி வேலைக்குப் போன குடும்பம் எங்களுடையது. கோக்ரா, மணிநகர், அம்ராய்வாடி என்று ஊரின் கிழக்கே எங்களைப் போல மில்லை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

அப்பாவின் வார விடுமுறையன்று பழைய நகரத்துக்குப் போவோம். அம்மாவுக்கு ராணி நோ ஹஜீரோவில் வேலை. அகமது ஷா வம்சத்து ராணிகள் அடங்கிய இடம் அது, சுற்றிலும் துணிக்கடைகள். துணி மில்லில் தறி ஓட்டுகிறவர் மனைவி, ஒரு மீட்டர் ரவிக்கைத் துணிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவாள். அதுவரை நானும் அப்பாவும் பக்கத்து ஜும்மா மசூதியில் இருப்போம்.

மானெக் சௌக்கின் நெரிசலை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி உள்ளே போனால் சட்டென்று வானம் பெரிதாகிவிடும். அவ்வளவு விரிந்த முற்றம். நடுவில், தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி. 1411இல் இந்த நகரத்தை உண்டாக்கிய முதலாம் அகமது ஷாவின் காலத்திலேயே, 1424இல், கட்டி முடித்த மசூதி. மஞ்சள் கலந்த மணற்கல். வெயிலில் காலைப் பொசுக்கும் அதே கல், தொழுகைக் கூடத்துக்குள் குளிர்ந்து கிடக்கும். இருநூற்று அறுபது தூண்கள் என்பார்கள். தாமரையும் தொங்கு சங்கிலியுமாக, குஜராத்தில் கோயில் கட்டிய கைகளின் பழக்கம் கல்லில் அப்படியே தெரியும்.

அப்பா தூணில் சாய்ந்து உட்கார மாட்டார். கல் சன்னல்களின் முன்னால் நின்று பின்னலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மில்லில் துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் டேமேஜ் என்று எழுதிக் கூலியில் பிடித்துவிடுவார்கள். அந்தக் கண் லீவு நாளிலும் தூங்காது.

“ஒரு டேமேஜும் கெடைக்கலடா. இவனுக்குக் கூலியில பைசா பிடிக்க முடியாது.”

எனக்கு ரோஷம் வந்துவிடும். ஒருநாள் முற்றத்துக்கு அவரை இழுத்துப் போய்க் காட்டினேன். நடு வளைவின் இரண்டு பக்கமும், அடிமுழுக்க வேலைப்பாடோடு எழும்பி, பாதியில் நின்றுபோன மினார்கள். 1819ஆம் வருடத்துக் கட்ச் பூகம்பத்தில் மேல்பாகம் சரிந்துவிட்டது.

“இதோ டேமேஜ்!”

அப்பா அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். “அது நெய்தவன் தப்பு இல்லடா.”

பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் மில்லும் ஒருநாள் கதவைச் சாத்தியது. மறுநாள் பாங்கு கேட்டது, சங்கு கேட்கவில்லை. அம்மா உலையை மறந்துவிட்டு வாசலில் நின்றாள். சில மாதங்களில் இரண்டு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பினோம். அப்பா கடைசிவரை யாரையும் குறை சொன்னதில்லை. தன்னையும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முப்பது வருடம் கழித்து, அப்பாவும் இல்லாமல், போன வருடம் அகமதாபாத் போனேன். 2017இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்துவிட்டது. மானெக் சௌக் மாறவில்லை. பகலில் நகைக்கடை, இரவில் தின்பண்டக்கடை. எங்கள் மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி. புகைபோக்கி இருந்த திசை எதுவென்றே எனக்குப் பிடிபடவில்லை.

மசூதியில் லுஹர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெரியவர் கையால் இடம் காட்டினார். “பேஸோ, பேஸோ.” உட்காருங்கள் என்கிற குஜராத்தி. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! அப்பா சாயாத தூணில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். பாங்கு எழுந்தது, முற்றத்தை நிறைத்தது, அடங்கியது. என் காது மட்டும் இன்னொன்றுக்காகக் காத்திருந்தது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் கொஞ்சநேரம் பேச்சில்லை.

“ஹஜீரோ பக்கத்துலயா நிக்கற? ரவிக்கைத் துணி மீட்டர் இன்னா வெல சொல்றான், கேட்டியா?”

செருப்பை மாட்டிக்கொண்டு விசாரிக்கப் போனேன்.