கிளம்பாத தகடு

பழைய மடிக்கணினி ஒன்றுக்குப் புத்துயிர் அளிக்கும் ஆவலோடு லினக்ஸ் தகட்டை அதனுள் செருகி, பொத்தானை அழுத்தி, புதியதொரு திரையை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு, ஒன்றுமே நடவாததுபோல அதே பழைய விண்டோஸ் வந்து நிற்கும்போது உண்டாகும் ஏமாற்றம் பெரிது. அந்த ஏமாற்றத்தில் அநேகர் உடனே சொல்லிவிடும் தீர்ப்பு, 'இந்த மெஷினுக்கு லினக்ஸ் ஒத்துவராது' என்பது. இதை நான் ஒப்புவதில்லை. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லைனஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிவைக்க, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைத்து வளர்த்து இலவசமாக வழங்கியிருக்கும் அந்த இயங்குதளத்தின் ஒரு வரிகூட அந்நேரத்தில் நினைவகத்துக்குள் வந்திருக்கவில்லை. சபைக்கே வராதவர்மீது குற்றம் சாட்டுவது தருமமாகாது.

கணினி விழித்தெழும் சமயத்தில் பொறுப்பு கைமாறிக் கைமாறிச் செல்கிறது. பயாஸ் என்னும் அடிப்படை நிரல் முதலில் சாதனங்களைச் சோதித்து, பிறகு தனக்கு விதிக்கப்பட்ட வரிசைப்படி வன்தட்டையோ தகட்டையோ நாடுகிறது; தகட்டை நாடினால், பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1995-இல் வகுத்த 'எல் டொரிட்டோ' என்ற விதிமுறைப்படி, 2,048 பைட்டுகள் கொண்ட சிறு பகுதிகளாக அமைந்த அத்தகட்டில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 17-ஆவதாக வரும் பகுதியில் ஒரு குறிப்பைத் தேடுகிறது. குறிப்பு காட்டும் இடத்திலிருந்து ஏற்றுநிரலைப் படித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஏற்றுநிரல், இயங்குதளத்தின் கருவான கெர்னலை அழைக்கிறது. குறிப்பு அங்கே இல்லையென்றால், பல கணினிகள் பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாமல் வன்தட்டுக்குப் போய்விடுகின்றன. இந்த மௌனமே மனிதரை அதிகம் குழப்புகிறது.

தெருவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு ஒருநாள் மாலை வந்தார். "சார், ரெண்டு சி.டி. மாத்திப் பார்த்துட்டேன், ரெண்டும் ஒரே மாதிரிதான் பண்ணுது. டிரைவே போயிடுச்சோ?" என்றார். தகட்டை என் கணினியில் போட்டுத் திறந்து பார்த்தோம். உள்ளே ஐ.எஸ்.ஓ. என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று மட்டும் இருந்திருந்தால், தகட்டின் பிம்பமாகப் பதிக்க வேண்டியதைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்திருக்கிறார் என்று அப்போதே நிர்ணயித்துவிடலாம். இந்த வழியில் வீணான தகடுகளுக்குக் கணக்கில்லை. அவருடைய தகட்டிலோ கோப்புறைகள் முறைப்படி விரிந்திருந்தன. ஆகவே அதற்கும் முந்திய படிக்குப் போனோம்.

இறக்கிய கோப்பின் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுவதே அந்தப் படி. 64 எழுத்துக்கள் கொண்ட இந்த எண், பல நூறு மெகாபைட் கோப்பில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் அடையாளமே தெரியாதபடி மாறிவிடும். அவர் திரையைப் பார்த்து உரக்க வாசிக்க, நான் மற்றதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் நான்கு எழுத்துக்குள்ளேயே இரண்டும் பிரிந்துவிட்டன. கோப்பின் அளவும் வெளியிட்டவர்கள் குறித்திருந்ததைவிடக் குறைவு. இணைய இணைப்பு நடுவில் அறுந்துபோயிருக்கிறது. ஊனமுற்ற மூலத்திலிருந்து எத்தனை தகடு எழுதினால்தான் என்ன? மறுபடி இறக்கி, எண் பொருந்தியதைக் கண்ட பிறகு, கிடைத்தவற்றுள் மிகக் குறைந்த வேகத்தில் பதித்தோம். அதே டிரைவில் தகடு சுழன்று, லினக்ஸின் பட்டியல் திரையில் வந்தது.

மூலம் சுத்தமாயிருந்தும் கிளம்பாத தகடுகள் உண்டு. வயதான டிரைவின் லேசர், அழித்து அழித்து எழுதும் தகட்டைப் படிக்கத் திணறும். அவ்வகைத் தகடு ஒளியைப் பிரதிபலிப்பது மிகக் குறைவு. சி.டி.யின் 700 மெகாபைட் எல்லையை 2012 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீடு தாண்டிவிட்ட பிறகு அதற்கு டி.வி.டி. அவசியமாயிற்று, சி.டி.யை மட்டுமே அறிந்த டிரைவுக்கு அது எட்டாத சரக்கு. துவக்க வரிசையில் வன்தட்டு முன்னால் நிற்பது மிகச் சாதாரணமான தடை. எஃப்2, எஃப்12, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும் விசையை அழுத்தி அதை மாற்றிவிடலாம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் பரவிய 'செக்யூர் பூட்' என்ற காவலைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். கையொப்பமில்லாத நிரலை உள்ளே விடக்கூடாதென்ற நோக்கம் நல்லதே. பெரிய லினக்ஸ் வெளியீடுகள் உரிய கையொப்பத்தோடுதான் இப்போது வருகின்றன. ஆயினும் காசு கொடுத்து வாங்கியவர் விரும்பினால் அக்காவலை நீக்கும் அதிகாரம் அவரிடமே இருக்க வேண்டும்.

திரையில் ஏதேனும் எழுத்து தோன்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இந்தக் கெர்னலுக்கு 64 பிட் செயலி வேண்டும் என்ற வாசகம் வந்தால், தகட்டில் குற்றமில்லை, 32 பிட் கணினிக்குத் தவறான பதிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. கோப்பு முறைமை அடங்கிய ஊடகத்தைக் காணவில்லை என்று வந்தால், கெர்னல் எழுந்துவிட்டது, அதற்கப்பால் தகட்டைப் படிக்க முடியவில்லை. பட்டியல் தோன்றிய பின் திரை முழுதும் இருண்டுபோனால், கெர்னல் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்று சேர்த்துப் பார்ப்பது பெரும்பாலும் பலிக்கும். இந்த வாசகங்களைப் பொறுமையாகப் படிப்பவர் குறைவு என்பதே என் வருத்தம். இப்போது தகட்டுக்குப் பதில் பென்டிரைவ் வந்திருக்கிறது. சோதிக்கும் கிரமம் பெரும்பாலும் அதுவேதான்.

உபுண்டுவின் தகடுகளை 2005 முதல் 2011 வரை உலகின் எந்த மூலைக்கும் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆலையில் அச்சிட்ட அத்தகடுகள் வந்த வீடுகளில், இறக்குவதில் வரும் பிழைக்கும் பதிப்பதில் வரும் பிழைக்கும் இடமே இருக்கவில்லை. அந்தத் தபால் நின்றபின் அவ்வேலை நம்மைப் போன்றவர் கைக்கு வந்திருக்கிறது. ஆகையால், நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் லினக்ஸ் தகடு எழுதிக் கொடுக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: தகட்டின் மேல் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், பதிப்பு எண்ணையும், 32 பிட்டா 64 பிட்டா என்பதையும், சரிபார்ப்பு எண் பொருந்தியதைக் கண்ட தேதியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.