முன்சுவர் காத்திருந்த ஊர்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையா படிங்க.

போன வருஷம் மகளைப் பார்க்க பார்சிலோனா போயிருந்தேன். ஒரு நாள் எல் பினெல் தெ பிராய்ங்கிற சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. தெற்குக் காத்தலோனியாவில், தெர்ரா ஆல்தா மலைப்பகுதி. ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஊர். சுத்திலும் திராட்சை, ஆலிவ் தோட்டங்கள்.

"நான் மதுவைத் தொடுறதே இல்லையேம்மா, அங்க எனக்கென்ன வேலை?"

"கட்டடத்தைப் பாருங்கப்பா."

அது ஊர் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் ஆலை. உள்ளே போனதும் தானா தலை நிமிர்ந்தது. உயர உயரமா செங்கல் வளைவுகள். இந்த மாதிரி ஆலைகளை 'ஒயின் பேராலயங்கள்'னு சொன்னவர் ஆங்கெல் கிமெரா என்ற எழுத்தாளர். சரியான பேர்தான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்சரா என்ற பூச்சி திராட்சை வேர்களில் சாறு உறிஞ்சி, காத்தலோனியா முழுக்கத் தோட்டங்களை அழிச்சிடுச்சு. பிறகு அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டாங்க. இனித் தனித்தனியா நின்னா பிழைக்க முடியாதுன்னு பல ஊர்களில் கூட்டுறவு தொடங்கினாங்க. இந்த ஊர் ஆலையைக் கட்டினவர் கௌடியின் வழிவந்த செசார் மார்ட்டினெல். 1918-இல் வேலை தொடங்கியது. விலை குறைந்த செங்கல்தான். ஆனா அந்த வளைவுகளே கூரையின் பாரத்தைத் தாங்குது. சன்னல்கள் காற்றோட்டத்துக்கு. அழகுக்குன்னு தனியா செலவே இல்லை.

ஒண்ணே ஒண்ணு தவிர. முன்சுவருக்காக சவியேர் நோகேஸ் என்ற ஓவியர் வரைஞ்ச வண்ண ஓடுகள். திராட்சை பறிக்கிறவங்க, வேட்டைக்காரங்க, குடிச்சிட்டுத் தள்ளாடுறவங்க எல்லாரும் அதுல இருக்காங்க. அந்த ஓடுகளைப் பதிச்சது 1949-இல்!

நடுவில் உள்நாட்டுப் போர். 1938-இல் எப்ரோ சண்டை பக்கத்துப் பாந்தோல்ஸ் மலையிலேயே நடந்தது, ஜூலையிலிருந்து நவம்பர் வரைக்கும். இந்த ஊரும் போர்முனையில்தான் இருந்தது.

வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். சுவர் எழுப்பினவங்கள்ல எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்க்காமலே போனாங்களோ? ஆனாலும் இடையில் வந்த ஒவ்வொரு அறுவடைக்கும் ஆலை தேவைப்பட்டிருக்கும். ஓடு இல்லைன்னு திராட்சை காத்திருக்காது.

எங்க திருப்பணிக் குழுவில் "எப்பதான் முடியும்?"னு அதிகமா சலிச்சுக்கிறவன் நான்தான். ஊர் திரும்பியதும் முதல் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கலை. அன்னைக்கு ஆக வேண்டிய வேலை எதுன்னு மட்டும் கேட்டேன்.