மூன்று மூலைக் கோலம்

அம்மாவின் முன்னங்கையில் ஒரு பச்சைக் கோலம் இருக்கிறது. நான்கு மூலைகளில் மூன்றுதான் முடிந்திருக்கும். ஏழு வயதில், ஆயா மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தெருவில் பச்சை குத்த வந்தவள் ஊசி வைத்திருக்கிறாள். நாலாவது மூலைக்குள் அம்மா கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, பானையில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். கறுப்பு மைதான். தோலுக்குள் போனால் பச்சை.

சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களுக்காக உண்டான இடம். 'சின்னத் தறிப் பேட்டை' என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். தறிச் சத்தமெல்லாம் நான் கேட்டதில்லை, மீன் மார்க்கெட் சத்தம்தான். இங்கே எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கு வந்த அம்மாவிடம் "முந்தானையால கைய மூடிக்கோம்மா" என்றேன். மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் முழுக்கை ரவிக்கைதான் தைத்தாள். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் டாட்டூ கடையில் 'அம்மா' என்று நாற்பது விதமாக எழுதிக் காட்டினார்கள். இதயத்துடிப்புக் கோடு வேறு. எதுவும் என் அம்மா மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்து, "கைய காட்டும்மா, போட்டோ எடுக்கணும்" என்றேன்.

"எதுக்குடி?"

"இதையே குத்திக்கப்போறேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னிக்கு மூடச் சொன்னியே."

எனக்குப் பதில் வரவில்லை. அவளே ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, ஜன்னல் பக்கம் நீட்டினாள்.

"நாலாவது மூலைய நீயும் விட்டுரு. அங்கதான் உயிர் போச்சு."