குட்டித் தேர்வின் மொழி

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தென்னந்தோப்பு. இடுக்கியின் மூணாறில் தேயிலைச் சரிவு. இரண்டு இடத்திலும் காதில் விழுவது தமிழ். 1956-ல் உருவான கேரளத்துக்குள் அமைந்துவிட்ட எல்லையோர ஊர்கள் இவை.

இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வருகிறது. ஆனால், சில பாடங்களில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வோடு 20 மதிப்பெண் தொடர் மதிப்பீடும் சேரும். வகுப்பில் நடக்கும் குட்டித் தேர்வுகளுக்கு அதில் பங்குண்டு. பிரெஞ்சுப் பள்ளிகளில் ஆசிரியர் திடீரென்று தாளை எடுக்கச் சொல்லி நடத்தும் தேர்வுக்கும் பெரும்பாலும் 20-க்குத்தான் மார்க்.

பொதுத்தேர்வு வினாத்தாளை எங்கோ உட்கார்ந்து மொழிபெயர்த்துவிடலாம். குட்டித் தேர்வின் கேள்வியோ ஆசிரியர் வாயிலிருந்து வர வேண்டும். தமிழ்வழி ஆசிரியர்களை கேரள பி.எஸ்.சி. தனியாகத் தேர்ந்தெடுப்பது அதனால்தான் முக்கியம். அந்த இடம் காலியாகக் கிடந்தால், பதில் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் விழிக்கும்.