வெசனம்

பண்பொழிப் பெண்கள் ‘மன உளைச்சல்’ என்று சொல்வதில்லை. அது டிவியில் டாக்டர்கள் சொல்லும் வார்த்தை. எங்களுக்கு வெசனம். அகராதியில் விசனம் என்று இருக்கும். வடமொழி வியசனத்திலிருந்து வந்தது என்று வகுப்பில் நடத்துகிறேன். துட்டி வீட்டிலும் ‘வெசனப்படாத’ என்பார்கள், பரீட்சையில் தோற்ற பிள்ளையிடமும் அதையேதான் சொல்வார்கள்.

சித்திக்கு இடது மார்பை எடுத்த பிறகு, கீமோவுக்குப் போகும் நாட்களில் நானும் துணைக்குப் போனேன். ஒருநாள் செவிலியர் ஒரு தாளை நீட்டினார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் படம், அடியில் 0, உச்சியில் 10. இன்றையும் சேர்த்து, கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு எவ்வளவு மன உளைச்சல், ஓர் எண்ணை வட்டமிடுங்கள். பக்கத்தில் ஒரு பட்டியல்: பணம், போக்குவரத்து, பிள்ளைகள், தூக்கம், பயம். சித்தி பேனாவை வாங்குவதற்குள் சித்தப்பா, “அவளுக்கு என்ன, தைரியமாத்தான் இருக்கா. சைபர் போடுங்க” என்றார். சித்தியும் தலையாட்டினாள்.

இந்தத் தெர்மாமீட்டரை நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் 1998இல் அறிமுகப்படுத்தினார்கள். முதலில் கேட்டது புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம். மனநோய் என்ற பேச்சு வந்தாலே நோயாளிகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதால், யாரும் கூச்சப்படாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய சாதாரண ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். நான்கோ அதற்கு மேலோ வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நமக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் சாதாரணம்தான் தொலைந்துவிட்டது. ‘உளைச்சல்’ என்றால் தனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார்கள் என்றே சித்தி நினைத்திருக்கிறாள்.

அன்று இரவு என்னிடம் சொன்னாள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் கை வீங்குகிறது; சொளகை மடியில் வைத்து நாளெல்லாம் பீடி சுற்ற முடியவில்லை. முன்பணம் வாங்கியாயிற்று. ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்கிறாள், அது பஸ்ஸில் நகர்ந்துவிடுகிறது. மாமியார் தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். சித்தப்பா திண்ணையில் படுக்கிறார். “எல்லாத்தையும் விடு. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். தாய்க்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வெளிய சொல்லிராத, ஏட்டி.”

இவ்வளவும்தான் அந்த சைபர்.

அடுத்த கீமோவுக்கு வேறொரு செவிலியர் இருந்தார், கடையநல்லூர்க்காரர். எங்கள் ஊர்ச் சொல்லை அவரிடம் சொன்னேன். “எங்க ஆச்சியும் அப்படித்தான் சொல்லும்” என்று சிரித்தார். பிறகு சித்தப்பாவையும் என்னையும் வெளியே போகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என்றாலும் அவர் செய்ததே சரி. படித்த மகள்மாரும் சில நேரம் சித்தப்பாக்கள்தான். கதவு சாத்தியிருந்தது அரை மணி நேரம். தாளில் எட்டு.

எட்டுக்குப் பிறகு ஏதாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஃபைலில் ஏறும் இன்னொரு எண். சித்திக்கு நடந்தது. கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துத் தைக்கும் விதத்தைக் காட்டினார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயில்லை என்று சித்தப்பாவை உட்கார வைத்துச் சொன்னார்கள். மகளையும் வரவழைத்தார்கள்: மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான்.

முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்ததற்குப் பின்னால் அந்தத் துக்கம் இருந்தது. அங்கே இன்று நோயாளிகளின் மனத்தைக் கவனிக்கத் தனித் துறையே இருக்கிறது. ஆனால் பண்பொழியிலிருந்து அடையாறு அறுநூறு கிலோமீட்டர்.

மறைக்க வேண்டாம், பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடலாம் என்றாள் மகள். சொன்னார்கள். ஒரு வீட்டார் காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்த வாரம் சித்தி வட்டமிட்டது ஆறு. தனி டம்ளரை அவளே எடுத்து மற்ற டம்ளர்களோடு கழுவிக் கவிழ்த்திருந்தாள். மாமியார் இன்னும் எதுவும் சொல்லவில்லை.