பட்டியலில் எதை முதலில் எழுதுவது?

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்றொரு பொறுப்பு உண்டு. அது தனிப் பதவி அல்ல. இயற்பியலோ கணக்கோ நடத்துகிற ஒருவர் தன் பாடவேளைகளுக்கு மேல் சேர்த்துச் சுமக்கும் வேலை. திருவள்ளூர் மாவட்டம் கடம்பத்தூர் வட்டாரத்தில் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் செல்போன் ஓயாது. பொறியியல் கலந்தாய்வில் 'சாய்ஸ் ஃபில்லிங்' தொடங்கியிருக்கும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது மூன்றே நாள். பன்னிரண்டு வருடம் படித்ததன் பலன் அந்த மூன்று நாளில் எழுதும் பட்டியலைப் பொறுத்தது.

மாணவர் செய்ய வேண்டியது என்னவோ சுலபம்தான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு. கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, வெளிக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு இலக்கம். பிடித்ததை வரிசைப்படுத்திச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரே சாமி பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்குத் தெற்கே எங்கோ ஒரு மாவட்டத்தில் இடம் விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பயம். "கட்-ஆஃப் 142தான் சார், கிண்டியெல்லாம் எதுக்குப் போடணும்? வேஸ்ட்டா போயிடும்" என்பான் மாணவன். கிடைக்கும் என்று அவன் நம்புவதை மேலே எழுதுவான். ஆசைப்பட்டதை எழுதவே மாட்டான். எட்டு, பத்து வரிகளோடு பட்டியல் முடிந்துவிடும். அந்த எட்டும் அவனுக்கு முன்னால் இருப்பவர்களுக்கே போய்விட்டால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் நிதானமாக உட்கார்ந்து கணினி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரவரிசையில் முன்னால் இருப்பவரை முதலில் எடுத்துக்கொள்ளும். அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். இடம் காலியாக இருக்கும் முதல் வரியில் நிறுத்தி அதைக் கொடுத்துவிடும். பிறகு அடுத்தவர். கிண்டியை முதல் வரியில் எழுதியதற்காக இருபதாவது வரியில் இருக்கும் கல்லூரி கைவிட்டுப் போகாது. எண்பது வரி எழுதினாலும் அபராதம் கிடையாது. ஆகவே ஆசைப்பட்டதை மேலே, பரவாயில்லை என்பதை நடுவில், கண்டிப்பாகக் கிடைக்கும் என்பதைக் கீழே எழுதலாம். சேர விருப்பமே இல்லாத கல்லூரியை மட்டும் எழுதக் கூடாது. கிடைத்துவிட்டால் அதுதான் கையில் நிற்கும்.

எல்லா ஊரிலும் நடைமுறை இப்படி நேர்மையாக இருந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் ஒதுக்கினார்கள். முதல் விருப்பம் தவறினால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். சூட்சுமம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுதினார்கள். தெரியாதவர்கள் மனதில் இருந்ததை எழுதி ஏமாந்தார்கள். 2005-ல் அந்த முறையை மாற்றினார்கள். மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உண்மையான விருப்பத்தை எழுதுகிறவர் நஷ்டப்படக் கூடாது என்பது சேர்க்கை முறையின் நியாயத்துக்கு ஒரு அளவுகோல். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு அந்த அளவுகோலில் தேறுகிறது. ஆனால் அது பிள்ளைகளுக்குத் தெரியாதவரை, பாஸ்டனின் பழைய பெற்றோரைப்போல அவர்களும் பயந்து பயந்துதான் எழுதுகிறார்கள்.

இட ஒதுக்கீடு பற்றியும் இதே போன்ற தவறான எண்ணம் உண்டு. 69 சதவீதம் போக மிஞ்சும் 31 சதவீதம் 'மற்றவர்களுக்கானது' என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொது. எம்.பி.சி. மாணவியோ எஸ்.சி. மாணவியோ, அவர்களுடைய தரவரிசைக்குப் பொதுப்பிரிவில் இடம் இருந்தால் முதலில் அங்கேதான் பார்க்கப்படுவார்கள். அங்கே இல்லாவிட்டால்தான் அவரவர் பிரிவு. இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நுழைவுத் தேர்வு இல்லாத இந்தச் சேர்க்கை தானாக வந்ததும் இல்லை. 1984-ல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, பயிற்சி மையம் இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சாதகமாக இருந்தது. முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006-ல் சட்டம் கொண்டுவந்து, 2007 சேர்க்கையிலிருந்து அதை நிறுத்தினார்கள். மருத்துவத்தில் 2017-ல் நீட் வந்து, பயிற்சிக்குப் பணம் இருப்பவர் கை மறுபடி ஓங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது.

அந்த ஒதுக்கீட்டின் எல்லைக்கோட்டில் தினமும் நின்று பார்ப்பவர் வழிகாட்டி ஆசிரியர்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் கிடைத்த காலத்தில் பக்கத்துத் தனியார் பள்ளியில் ஆறாவது படித்துவிட்டு, வேலை போனதும் ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புவரை தனியாரில் படித்துவிட்டு வந்தவருக்குத் திறக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த கூலித்தொழிலாளியின் மகளுக்குத் திறக்காது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. ஆனாலும் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே தெருவில் ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு பிள்ளைகளை அது பிரிக்கிறது.

அடுத்தது சான்றிதழ். திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் நிறைய. மற்ற சாதிச் சான்றிதழ்கள் வட்டாட்சியர் அலுவலக அளவில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் பழைய சான்று இல்லையென்றால் மாதக்கணக்கில் இழுக்கும். கலந்தாய்வோ யாருக்காகவும் காத்திருக்காது. அனுபவப்பட்ட ஆசிரியர் இதற்கான மனுவைப் பதினொன்றாம் வகுப்பிலேயே போட வைத்துவிடுவார். கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிலும் சிக்கல் வரும். அண்ணனோ அக்காவோ அந்தச் சலுகையை ஏற்கெனவே எடுத்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. வீட்டில் கேட்காமல் அதை நம்பிக் கட்டணக் கணக்குப் போடக் கூடாது.

2018-லிருந்து பொதுக் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. அதற்கு முன்பு எல்லா மாவட்டத்துக் குடும்பங்களும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே முடிவு செய்ய வேண்டும். பயணம் மிச்சமானது உண்மை. இப்போதைய சிக்கல் ஓ.டி.பி.யில் இருக்கிறது. பதிவு செய்தது அப்பாவின் எண்ணாக இருக்கும். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஒரகடத்திலோ ஷிப்டில் இருப்பார். பல தொழிற்சாலைகளில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்டு முடிந்து அவர் போனைத் திறக்கும்போது ஓ.டி.பி. காலாவதியாகி எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒதுக்கீட்டை உறுதி செய்யக் கிடைப்பது இரண்டு நாள். அதில் ஒரு நாள் இப்படிப் போகும். தாமதத்தின் விலை என்ன என்பதை 2024-ல் நாடே பார்த்தது. முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்தார். உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம்வரை போக முடியாத எத்தனையோ பேரின் இடங்கள் சத்தமில்லாமல் போயிருக்கும்.

பெண் பிள்ளைகளின் பட்டியலை எழுதும்போது ரயில் வரைபடம் மேசையில் இருக்க வேண்டும். கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் அரக்கோணம் லைனில் சென்னைவரை போய், வண்டி மாறி, வேறொரு லைனில் மறுபடி வடக்கே ஏற வேண்டும். 'நம்ம மாவட்டம்தானே' என்று எழுதிய கல்லூரி, இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்தக் காரணமாகிவிடும். இதைவிட, லைனை ஒட்டிய சற்றுச் சுமாரான கல்லூரி மேல். தரவரிசைப் புத்தகம் எதுவும் இதைச் சொல்லாது. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், சீசன் டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் போய்க் கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்தப் பணம் மாணவியின் பெயரிலேயே வருவதால் வீட்டில் பேச்சே மாறியிருக்கிறது.

இத்தனையும் கலந்தாய்வு வரை வந்து சேர்கிறவர்களுக்கு. 2024-ல் பிளஸ் டூ முடிவு மே 6-ல் வந்தது. பொதுக் கலந்தாய்வு தொடங்கியது ஜூலை 29-ல். நடுவே பன்னிரண்டு வாரம். தொழிற்பேட்டை வட்டாரத்தில் அது நீண்ட காலம். ஒப்பந்தக்காரர்களின் வேன் ஊருக்குள் வரும்; மாதச் சம்பளம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உண்டு. முதல் சம்பளம் வாங்கிய பையனைத் திரும்பப் பட்டியல் எழுத உட்கார வைப்பது கடினம். அதனால் முடிவு வந்த வாரமே வீடு வீடாகப் போய்வருகிறார்கள் சில ஆசிரியர்கள். முதலில் போவது ஒரு பாடத்தில் தவறியவர்களின் வீட்டுக்கு. துணைத் தேர்வில் தேறிவிட்டால் அவர்களும் துணைக் கலந்தாய்வில் விண்ணப்பிக்கலாம். மீதமிருக்கும் இடங்கள்தான், ஆனால் அதில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் இடங்களும் சில சமயம் இருக்கும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் ஜூனிலேயே வாங்கி வைத்தால்தான் அதற்குள் நுழைய முடியும். தேர்வெழுதப் போகும் பிள்ளையோடு, இ-சேவை மையத்துக்குப் போக வேண்டிய பெற்றோரையும் அன்றைக்கே உட்காரவைத்துப் பேசிவிடுவது நல்லது.