முதுகு ஊசி இறங்கும் நேரம்

திங்கள், சிதம்பரம்

தேரும் தரிசனமும் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் இப்போது வரிசையாக வருகிறார்கள். இன்று கர்ப்பப்பை எடுக்க இரண்டு பேர். இருவருக்கும் முதுகில்தான் ஊசி போட்டேன். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் கோகெய்னை வைத்துச் செய்து பார்த்த முறை இது. இன்று நாங்கள் போடுவது பூப்பிவகெய்ன், தியேட்டர் பேச்சில் 'ஹெவி'. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, ஆள் விழித்திருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புதான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மரப்பு இறங்கிவிடும். அதற்குள் நான் அடுத்த கேஸில் இருப்பேன்.

செவ்வாய், கடலூர் பஸ்ஸில்

நேற்றைய இருவரில் ஒருவரான பரங்கிப்பேட்டைக்காரம்மாவிடம் காலையில் கேட்டேன்.

"வலிக்குதாம்மா?"

"பரவால்லங்கம்மா."

நெற்றியெல்லாம் வியர்வை. இருமல் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறார். கேள்வியை மாற்றினேன்.

"ஒருக்களிச்சுப் படுங்க, பாப்போம். இப்ப ரூபாய்க்கு எவ்ளோ வலி?"

"முக்கா ரூபா இருக்கும்மா."

அசையாமல் கிடக்கும்போது வலி இல்லை என்பதில் எனக்கு நிறைவில்லை. இருமவும் எழுந்து நடக்கவும் முடியவேண்டும். இல்லையென்றால் நுரையீரலில் சளி தங்கும், காலில் ரத்தம் உறையும்.

கேஸ் ஷீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தது. தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று பொருள். பல ஆஸ்பத்திரிகளில் இதுதான் பழக்கம். தேவை என்று சொல்லவேண்டியவரோ பிரசவ வலியையே பல்லைக் கடித்துத் தாங்கப் பழக்கப்பட்டவர். நடுராத்திரியில் சிஸ்டரை எழுப்பித் தொந்தரவு செய்யமாட்டார். இந்த மூன்றெழுத்தை நான் ஏற்கவில்லை.

புதன்

அண்ணாமலை நகரில் மேற்படிப்பு படிக்கும் பெண் போனில் கேட்டாள்: "மேடம், முதுகு ஊசியோடவே ஃபென்டனில் சேத்தா போதாதா?" அந்த வலி மருந்தை 25 மைக்ரோகிராம் சேர்த்தால் சில மணி நேரம் கூடக் கிடைக்கும், ராத்திரிக்குக் காணாது. 100 மைக்ரோகிராம் மார்பின் பெரும்பாலும் மறுநாள் வரை தாங்கும். அதற்கு விலை அரிப்பும் குமட்டலும். அரிதாக, பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகும். விடிய விடிய மூச்சை எண்ணிப் பார்க்க ஆள் இருக்கும் வார்டில் மட்டுமே போடச் சொன்னேன். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்பின் வாங்குவதை எளிதாக்கினார்கள். மருந்து கிடைத்தால் போதுமா, பக்கத்தில் ஆள் வேண்டாமா?

வியாழன்

இன்றைய கேஸுக்கு மரப்பு இறங்குமுன்பே தொடங்கினேன். ஸ்கேன் பார்த்து, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே இரு பக்கமும் மரப்பு மருந்து. இதை 'டாப் பிளாக்' என்போம். தையல் வலியை அது அடக்கும். கர்ப்பப்பை இருந்த இடத்தில் ஆழமாக இழுக்கிற வலி அதற்குக் கட்டுப்படாது. அதற்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிராம் பாராசிட்டமால், டிரிப்பாக. சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பதால் டைக்ளோஃபெனாக். ஒவ்வொன்றுக்கும் மணி எழுதினேன். பாராசிட்டமாலுக்கு மதியம் 2, இரவு 8, நடுராத்திரி 2, காலை 8.

சிஸ்டர் தயங்கினார். "தூங்கிட்டு இருந்தா எழுப்பணுமா மேடம்?"

"வேண்டாம் சிஸ்டர், கையில லைன் இருக்கு. தூங்கட்டும், மருந்து ஏறட்டும். ஆனா ரெண்டு மணி தாண்டக்கூடாது."